அழைக்க வேண்டாம்

என் மச்சானைத் திட்டாமல் இதைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவான். ஒரு பெரிய கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. நான் பதினாறு வருடமாக வெப்சைட் செய்து பிழைப்பவன். ஏழு மாதமாக அந்தப் பிழைப்பும் இல்லை. கம்பெனி ஆட்களைக் குறைத்தது, குறைந்துபோனவர்களில் நானும் ஒருவன். நூற்றுச் சொச்சம் இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி எழுதக்கூட ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை ஜட்ஜ் வந்து என் போர்ட்ஃபோலியோவைத் திறந்தான். நான் செய்த வேலைகளையெல்லாம் வரிசையாகக் காட்டும் என் சொந்த வெப்சைட் அது. விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன மாமா இது, போட்டோ ஆல்பமா? பதினெட்டு வேலைய அடுக்கி வச்சிருக்கீங்க. எவன் பாப்பான்?"

"வேலை தெரியும்னு காட்ட வேண்டாமாடா?"

"நான் ஒரு நாளைக்கு அறுபது பேரோடத பாக்கறேன். ஒருத்தருக்கு அரை நிமிஷம். அதுக்குள்ள எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டே விஷயம். நீங்க செஞ்சதால யாருக்கு என்ன மாறுச்சு? அதை நான் தொட்டுப் பாக்க முடியுமா? படம் காட்டாதீங்க மாமா. கையில குடுங்க."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சல். பதினெட்டில் எது உருப்படியானது என்று கேட்டான். யோசிக்காமல் சொன்னேன்: டயாலிசிஸ் சென்டருக்குச் செய்தது.

சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று முறை வந்து, நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம் அது. ஓர் இயந்திரம் மக்கர் செய்தால் போதும், நேரமெல்லாம் மாறும். வரவேற்பறையில் போன் அலறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு வழி செய்து கொடுத்திருந்தேன். நர்ஸ் ஒரு பட்டனைத் தட்டினால் நோயாளியின் போனுக்கு மெசேஜ் போய்விடும். வாசகமும் என்னுடையதுதான்: 'உங்கள் அடுத்த முறை ரத்து செய்யப்பட்டது. புதிய நாள் பின்னர் தெரிவிக்கப்படும். இது குறித்து அழைக்க வேண்டாம்.' இரண்டே மாதத்தில் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன.

ஜட்ஜ் தொடையில் தட்டினான். "இத்தன நாளா இதையா பதினோராவது எடத்துல ஒளிச்சு வச்சிருந்தீங்க? இது ஒண்ணு போதும். மத்ததெல்லாம் தூக்கிக் கடாசுங்க. பாக்க வர்றவன் தன் நம்பரைப் போட்டு, தானே பட்டனத் தட்டி, தன் போன்லயே மெசேஜ் வாங்கணும். அப்பதான் உங்கள மறக்க மாட்டான்."

அன்றே உட்கார்ந்தேன். மேலே கொட்டை எழுத்தில் ஒரே வரி: 'வரவேற்பறைக்கு வரும் அழைப்புகளைப் பாதியாகக் குறைத்தேன்.' கீழே, தொட்டுப் பார்க்க ஒரு டெமோ. சென்டரின் பொறுப்பு வேறு கம்பெனிக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அப்போதே என் கம்ப்யூட்டரில் இருந்த காப்பியை அழித்திருக்க வேண்டும். எதற்காவது ஆகும் என்று வைத்திருந்தேன். அந்தக் காப்பியைத்தான் தூசி தட்டினேன். நோயாளிகளின் பெயர்களை எடுத்துவிட்டுக் கத்தரிக்காய், வெண்டைக்காய், அவரைக்காய் என்று முப்பத்திரண்டு காய்களை வைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. போன் நம்பர் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். எல்லா வரிசையிலும் நட்சத்திரக் குறிகள். சரி, நம்பர் போயாச்சு என்று மனதுக்குள் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

பார்க்க வருபவர் தன் நம்பரைப் போட மேலே ஒரு காலி வரிசை வைத்தேன். அதில் என் நம்பரையே போட்டு ரத்து பட்டனைத் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது நொடியில் என் போன் சிணுங்கியது. மேலே சென்டரின் பெயர். பழைய கணக்கிலிருந்தே மெசேஜ் போகிறது என்று அர்த்தம். அந்த நொடியே நான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். நானோ சமையலறைக்கு ஓடி மனைவியிடம் போனைக் காட்டினேன். "ஓடுது பாரு, மூணு வருஷத்துக்கு அப்புறமும் ஓடுது!" என்று குதித்தேன்.

வியாழன் மதியம் சைட்டைத் திறந்துவிட்டேன். ஜட்ஜ் தன் ஆபீஸ் குரூப்பில் லிங்க்கைப் போட்டான். சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு அவன் கம்பெனியின் மேனேஜரே கூப்பிட்டார். திங்கள் பத்து மணிக்கு நேர்முகம். மனைவி என் நல்ல சட்டையை அப்போதே துவைக்கப் போட்டுவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு டயாலிசிஸ் சென்டர் சிஸ்டர் கூப்பிட்டார். ஐந்து வருடப் பழக்கம். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, நீங்க செஞ்சு குடுத்தது கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆடுது. காலையில வர வேண்டிய ஏழு பேரு வரல. கேட்டா, ரத்துன்னு மெசேஜ் வந்துச்சாம். நாங்க யாருமே அனுப்பல. போன வருஷம் தவறிப்போன ஒருத்தர் வீட்டுக்கும் போயிருக்கு. அவரோட சம்சாரம் போன்ல ஓன்னு அழுறாங்க."

"சிஸ்டர், அது இப்ப வேற கம்பெனி கையில இருக்கு. அவங்களப் போய்க் கேளுங்க. நான் குடுத்தப்ப எல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு."

"கேட்டுட்டேன், அவங்களுக்கும் ஒண்ணும் புரியல. ஆறு பேரைப் புடிச்சு நாளைக்கு வரச் சொல்லிட்டேன், மத்த நாள்காரங்களுக்கும் சொல்லியாச்சு. நம்ம தையல்காரர் மட்டும்தான் கிடைக்கல. போன் ஆஃப்ல இருக்கு, வீட்டுக்கு அனுப்ப இங்க ஆள் இல்ல. தனி ஆளு. புதன்கிழமைதான் கடைசியா செஞ்சது. ஒண்ணு விட்டா மூச்சு வாங்கும். திங்கட்கிழமையும் விட்டுட்டா..."

அவர் முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன்.

திமிராகத்தான் வைத்தேன். பிறகு ஐந்து நிமிடம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அந்த நட்சத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வரவேற்பறையில் இருப்பவர்கள் நோயாளிகளின் நம்பரைப் பார்க்கக் கூடாது என்று, ஐந்து வருடத்துக்கு முன்னால், அந்த நட்சத்திரங்களைப் போட்டதே நான்தான். பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் நட்சத்திரம். உள்ளே நம்பர் நம்பராகவே இருக்கும். அதை நான் அழிக்கவே இல்லை. எந்தக் காயின் ரத்து பட்டனைத் தட்டினாலும் மெசேஜ் அந்த நம்பருக்கே போகும்.

திறந்து பார்த்தேன். முப்பத்திரண்டு நம்பரும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. ரத்து பட்டன் வியாழன் மாலையிலிருந்து நூற்று நாற்பது முறை தட்டப்பட்டிருந்தது. அவரைக்காய் வரிசையில் நாலு முறை. அந்த வரிசையின் ஓரத்தில் நான் எடுக்க மறந்த குறிப்பு ஒன்று இருந்தது: 'தையல்காரர். வீட்டில் வேறு ஆள் இல்லை.'

சைட்டை மூடப் போனால் பாஸ்வேர்டு மூன்று முறை தப்பாகிவிட்டது. ஒருவழியாக மூடினேன். பிறகு அவர் நம்பரை என் போனில் அடித்தேன். ஒன்றே கால் மணி. 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு பெண் குரல் சொன்னது.

அப்போதே சிஸ்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியும். பயந்தேன், அவ்வளவுதான். சொன்னால் கேஸ் ஆகும், போலீஸ் வரும், திங்கட்கிழமை வேலை போகும், இந்த ஜென்மத்தில் இன்னொருவன் என்னை நம்பி ஒரு பக்கம்கூடச் செய்யக் கொடுக்க மாட்டான். சிஸ்டர் கெட்டிக்காரர், எப்படியும் அந்த ஆளைப் பிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தையல்காரர் நம்பரை அடித்தேன். அந்தப் பெண் குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சனிக்கிழமை, உடம்பில் உப்பும் நீரும் ஏறினால் என்ன ஆகும் என்று தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. முதலில் கால் வீங்கும். பிறகு படுக்க முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். நுரையீரலில் நீர் கோக்கும். பொட்டாசியம் கூடிப்போனால் இதயம் திடீரென்று நின்றுவிடும். முகம்கூடத் தெரியாத ஒரு மனிதர் நாலு சுவருக்குள் உட்கார்ந்து மூச்சு வாங்குவது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மனைவியின் போன் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை சென்டர் மூடியிருக்கும். மத்தியானம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி என்னைப் பார்த்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு? வேலை கிடைக்கப்போற மூஞ்சியா இது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு நாளா போனைக் காதுல வச்சுக்கிட்டு வராந்தாவுல நடக்கறீங்க? யாருக்குப் போன்?"

"உன் வேலையப் பாரு!" என்று எரிந்து விழுந்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் அந்த நிமிடமே கிளம்பு என்பாள். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குத் தையல்காரர் முறை. ஏழு மணிக்கு அவர் நம்பரை அடித்தேன். அதே குரல். எட்டு மணிக்கும் அதே. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நேர்முகத்துக்குத்தான் கிளம்பினேன், மறைக்க என்ன இருக்கிறது.

கண்ணாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்கினார். "சார், வியாழக்கிழமை சாயங்காலம் எங்க ஆபீஸே உங்க டெமோவுலதான் இருந்துச்சு. வேலையே ஓடல! ஒரு காய விடலயே நாங்க, எல்லாரையும் ரத்து பண்ணிட்டோம். யாரு அதிகம் ரத்து பண்றதுன்னு பந்தயம் வேற!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு சத்தமாகவே வந்தது.

"இப்ப ஏன் சைட்டைக் காணோம்?"

"கொஞ்சம் மெருகேத்திட்டு இருக்கேன் சார்."

ஓரத்தில் இருந்த பெண் ஏதோ குறித்துக்கொண்டே கேட்டார். "எனக்கு ஒரு சந்தேகம். ரத்துன்னு வந்தா நோயாளி பதறிப்போய் உடனே கூப்பிட மாட்டாரா? அப்ப எப்படி அழைப்பு பாதியாச்சு?"

"அதுக்குத்தான் மேடம், கடைசி வரியில 'அழைக்க வேண்டாம்'னு போட்டேன். அந்த ஒரு வரியிலதான் எல்லாமே."

"பிரமாதம்," என்று மேனேஜர் மேஜையைத் தட்டினார்.

என் வாயிலிருந்து வந்ததை என் காதே அப்போதுதான் கேட்டது. முன்னால் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். தையல்காரர் ஏன் சென்டரைக் கூப்பிடவில்லை என்று மூன்று நாளாக எனக்குப் புரியாமல் இருந்தது. நான்தான் கூப்பிடாதே என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் நாலு தடவை.

அடுத்த திங்கள் சேரச் சொன்னார்கள். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. லிஃப்ட்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியில் இறங்கிக்கொண்டே சென்டரைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், தையல்காரர் வந்துட்டாரா?"

"இல்லண்ணா. இன்னைக்கும் வரல. எனக்குப் பயமா இருக்கு."

"அந்த மெசேஜ் எல்லாம் நான்தான் சிஸ்டர். என் வெப்சைட்ல இருந்துதான் போச்சு. டெமோன்னு போட்டேன். நம்பரை அழிக்க விட்டுட்டேன்."

மறுமுனையில் இயந்திரங்களின் பீப் பீப் சத்தத்துக்கு நடுவே சிஸ்டர் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இப்பத்தான்," என்றேன்.

"சரி, பேச நேரமில்ல. நாலு பேரு மெஷின்ல இருக்காங்க, நான் நகர முடியாது. அட்ரஸ் சொல்றேன், ஓடுங்க. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்."

நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியிலேயே எனக்கு மூச்சு இரைத்தது. இந்தப் படியை அவர் வாரம் மூன்று முறை ஏறி இறங்கினார் என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறினேன். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. உள்ளே கிடக்கிறதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று தோன்றி, கைப்பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டேன். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்போதுதான் உள்ளே யாரோ இருமினார்கள். கைப்பிடியைத் திருகினேன். கதவு பூட்டியிருக்கவில்லை.

ஒரே அறை. தையல் மெஷின் முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் தரையில் கிடந்தன. சுவரோரமாகத் தைத்து முடித்த துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் உரியவர் பெயர் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். யார் வந்தாலும் எடுத்துக் கொடுக்க வசதியாக.

"யாரு?" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"டயாலிசிஸ் சென்டர்ல இருந்து வரேன்யா. ஆம்புலன்ஸ் வருது."

"என் முறையத்தான் ரத்து பண்ணிட்டீங்களே."

"இல்லய்யா, அது தப்பா வந்த மெசேஜ்."

"நாலு தடவ வந்துச்சு தம்பி. ஒரு தடவ சொன்னாப் புரியாதா எனக்கு?" நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். "என் எடத்த வேற யாருக்கோ குடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். சின்ன வயசுக்காரங்களா இருக்கும். அதுவும் சரிதான்."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேய்யா!"

"கூப்பிட வேண்டாம்னு எழுதியிருந்துச்சே. அப்புறம் எனக்குப் போன் எதுக்கு? அணைச்சு வச்சுட்டேன்."

கீழே சைரன் கேட்டது. அவர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குகிறவரை நான் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் மூச்சு நின்று, பிறகு வந்தது. நிற்கும்போதெல்லாம் நான் எண்ணினேன். ஒரு தடவை ஆறு வரைக்கும் எண்ணிவிட்டேன்.

சென்டருக்கு வந்ததும் அவரை நேராக இயந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு டாக்டர்கள் ஓடிவந்தார்கள். சிஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சுவரோரமாக நின்றேன். நல்ல சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் நிமிர்ந்து, "தப்பிச்சுட்டார். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா அவ்வளவுதான்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவர் கண் திறந்தபோது மூன்று மணி இருக்கும். ஊசி குத்தாத கையை நகர்த்தி என் கைமேல் வைத்தார்.

"நீ வரலேன்னா போயிருப்பேன் தம்பி."

"ஐயா, அந்த மெசேஜை அனுப்பினது என் வெப்சைட்தான்," என்றேன். "நான்தான்யா."

"நீயா? எதுக்கு?"

வேலை போனது, போர்ட்ஃபோலியோ, தொட்டுப் பார்க்கிற டெமோ, காய்களின் பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். இப்படி ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லும்போது அது எவ்வளவு கேவலமான சமாச்சாரம் என்று தெரிந்தது. அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை கிடைச்சுதா?"

என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கிடைச்சுதுய்யா."

"அப்ப சரி. தெரியாம நடந்துபோச்சு. விடு." கண்ணை மூடிக்கொண்டார். கை என் கைமேலேயே இருந்தது. லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சிஸ்டர் அவருடைய போனோடு வந்தார். வெளியூரிலுள்ள அவர் அக்கா மகனுக்குத் தகவல் சொல்ல நம்பர் எடுக்க வேண்டுமென்று போனை ஆன் செய்திருந்தார். ஆன் ஆனதும் அது நிற்காமல் அதிர ஆரம்பித்தது. அணைத்து வைத்திருந்தபோது கூப்பிட்டவர்களின் விவரம் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. சிஸ்டர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். அது முடியவே இல்லை.

"நாப்பத்தி மூணு தடவ," என்றார். "எல்லாம் உங்க நம்பர். முதல் தடவ வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒண்ணே காலு."

நான் தலையைக் குனிந்தேன். இந்த முறை அவர் அண்ணா என்று கூப்பிடவில்லை.

"அவர்கிட்ட மிச்சத்தையும் சொல்லுங்க."

"சிஸ்டர், இப்பத்தான் அவருக்கு மூச்சு..."

"சொல்லுங்க."

தையல்காரர் கண்ணைத் திறக்காமலே "என்ன மிச்சம்?" என்றார்.

எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும் என்று சொன்னேன். அவர் தனி ஆள் என்றும் தெரியும், திங்கட்கிழமைக்குள் என்ன ஆகும் என்றும் தெரியும், வேலை போய்விடுமே என்று பயந்து வாயைத் திறக்கவில்லை என்று சொன்னேன். இன்று காலைகூட முதலில் நேர்முகத்துக்குத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் கைமேல் இருந்த கையை மெதுவாக எடுத்து, போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.